நேர்கோடுகளின் சந்திப்பு: கோலார் தங்கச் சுரங்கங்கள் தரும் பாடம்

ஒரு சமதளத்தில் உள்ள இரு நேர்கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தாதவையாயின், அவை ஒரே ஒரு புள்ளியில் வெட்டிக்கொள்ளும். இல்லையேல் இணையாக இருக்கும். வடிவக்கணிதம் பயிலும் மாணவர் அனைவரும் இதனை அறிவர். ஆயினும் இவ்வுண்மையைக் கூறும்போது 'ஒரு சமதளத்தில்' என்னும் நிபந்தனையைப் பலர் விட்டுவிடுகின்றனர். காகிதத்தில் கோடு வரையும் வரையில் இதனால் தீங்கு ஒன்றும் நேர்வதில்லை. காகிதமே ஒரு சமதளம் அல்லவா? காகிதத்தை விட்டு நிலத்துக்கும், நிலத்தை விட்டுப் பாதாளத்துக்கும் செல்லும்போதுதான் அந்நிபந்தனையின் அருமை புலப்படும்.

இதனை விளக்குவதற்குக் கோலார் தங்கவயலைக் காட்டிலும் ஏற்ற இடம் நம் நாட்டில் வேறொன்று இல்லை எனலாம். கருநாடக மாநிலத்தின் கிழக்கு எல்லையை அடுத்துள்ள இப்பகுதியில், ஜான் டெய்லர் கம்பெனியார் 1880ஆம் ஆண்டில் நவீன முறையில் தங்கம் எடுக்கத் தொடங்கினர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் இங்குக் குடியேறி, நிலத்தடியில் உழைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் அதுவும் ஒன்று. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. தங்கம் எடுக்கும் வேலை நின்றுவிட்டது. எனினும், அச்சுரங்கங்களில் நேர்கோடுகள் ஆற்றிய பணி ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் அறிந்துகொள்ளத் தக்கது.

ரீஃபும் ஷாப்டும்

முதலில் சமதளத்தில் அமைந்த ஓர் எளிய சந்திப்பைக் காண்போம். கோலாரின் தங்கம் தாங்கிய பாறைப் படலம் 'ரீஃப்' எனப்படும். அது வடக்கு–தெற்காக நீண்டு, மேற்கு நோக்கிச் சாய்ந்து கீழிறங்குகிறது. ஆகவே, ரீஃபை ஆழத்தில் எட்டுவதற்கு, அது தரையில் தோன்றும் இடத்துக்கு மேற்கே ஒரு செங்குத்துக் குழியைத் தோண்டுவர். தொழிலாளர் இதனை 'ஷாப்ட்' என்று வழங்கினர்.

நிலத்தைக் கிழக்கு–மேற்காக நெடுக்கில் வெட்டியதாகக் கருதி ஒரு படம் வரைவோமாயின், ரீஃப் ஒரு சாய்கோடாகவும் ஷாப்ட் ஒரு நிலைக்குத்துக் கோடாகவும் தோன்றும். ரீஃப் தரையுடன் 45 பாகைக் கோணம் ஆக்குவதாகவும், ஷாப்ட் 300 மீட்டர் மேற்கே அமைந்திருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். இரு கோடுகளும் 300 மீட்டர் ஆழத்தில் சந்திக்கும். கோணம் 60 பாகையாயின் அதே ஷாப்ட் சுமார் 520 மீட்டர் ஆழத்தில்தான் ரீஃபை எட்டும். கோணம் 80 பாகையாயின் அவ்வாழம் 1,700 மீட்டராகிவிடும். சாய்வில் 20 பாகை மாறியதும் ஆழம் மூன்று மடங்குக்கு மேல் பெருகுவதைக் காண்க. கோலார் ரீஃபின் சாய்வு ஆழம் செல்லச் செல்ல அதிகரித்து, நிலைக்குத்தை நெருங்குகிறது. ஆதலின் ஷாப்டிலிருந்து பல மட்டங்களில் கிடையாகக் குறுக்குவழிகள் குடைந்து ரீஃபை அடைந்தனர்.

இதிலிருந்து ஒரு பொது விதி பெறப்படுகிறது. இரு கோடுகளுக்கு இடைப்பட்ட கோணம் சிறிதாகச் சிறிதாக, அவற்றின் சந்திப்பிடம் ஐயத்துக்குரியதாகும். ஒரு கோட்டின் நிலையில் பக்கவாட்டில் ஒரு சென்டிமீட்டர் பிழை உள்ளது எனக் கொள்வோம். கோடுகள் செங்கோணத்தில் வெட்டினால் சந்திப்புப் புள்ளி ஒரு சென்டிமீட்டரே பிழைபடும். 30 பாகையில் வெட்டினால் 2 சென்டிமீட்டரும், 6 பாகையில் வெட்டினால் ஏறத்தாழ 10 சென்டிமீட்டரும் பிழைபடும். பக்கவாட்டுப் பிழையைக் கோணத்தின் சைன் மதிப்பால் வகுத்தால் இது கிடைக்கும். நில அளவைக்காரர்கள் மிகக் குறுகிய கோணத்தில் வெட்டும் கோடுகளை நம்புவதில்லை என்பதற்குக் காரணம் இதுவே.

இரண்டு தூக்கு நூல்கள்

இனி, மேலே தரையில் குறித்த ஒரு திசையை நிலத்துக்குள் கொண்டுசெல்வது எவ்வாறு? பாதாளத்தில் சூரியனும் இல்லை; விண்மீனும் இல்லை. இரும்புக் குழாய்களும் தண்டவாளங்களும் நிறைந்த இடத்தில் காந்த ஊசியை நம்புவதற்கும் இல்லை. ஆழ்சுரங்கங்களில் நெடுங்காலம் கையாளப்பட்ட முறை எளிமையானது. ஷாப்டின் வழியே இரண்டு மெல்லிய உலோகக் கம்பிகளைக் கனத்த தூக்குக்குண்டுகளுடன் தொங்கவிடுவர். குண்டுகள் ஊசலாடாதிருக்க அவற்றை எண்ணெய் அல்லது நீர் நிரம்பிய தொட்டிகளில் அமிழ்த்துவர். இரு கம்பிகளையும் இணைக்கும் திசையைத் தரையில் அளந்துகொண்டு, கீழே அதே கம்பிகளைத் தியோடலைட் கருவியால் நோக்கி, அத்திசையைச் சுரங்கப் பாதைக்கு மாற்றுவர்.

இவ்விரு கம்பிகளும் இணைகோடுகளா என்று ஒரு மாணவன் வினவக்கூடும். இணைகோடுகள் அல்ல என்பதே சரியான விடை. தூக்கு நூல் ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பூமியின் மையத்தை நோக்குகிறது. எனவே நீட்டினால் இரண்டும் சுமார் 6,370 கிலோமீட்டருக்கு அப்பால் சந்திக்கும். மேலே 4 மீட்டர் இடைவெளியுள்ள கம்பிகள் 2,000 மீட்டர் ஆழத்தில் சுமார் ஒன்றேகால் மில்லிமீட்டர் நெருங்கியிருக்க வேண்டும். கணக்கு இவ்வாறிருக்க, 1901ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள டாமராக் செப்புச் சுரங்கத்தில், கம்பிகள் கீழே நெருங்குவதற்கு மாறாக விலகி நின்றதாக அளவையில் காணப்பட்டது. ஆராய்ந்தபோது, ஷாப்டில் வீசிய காற்றோட்டமே கம்பிகளைத் தள்ளியது என்று தெரியவந்தது. வடிவக்கணிதத்தில் பிழையில்லை, கம்பிகள்தாம் உண்மையான நேர் நிலையில் தொங்கவில்லை.

கம்பிகள் இணையாக இல்லாவிடினும் அம்முறை பயன்படுவது ஏன்? இரு நேர்கோடுகள் வெட்டிக்கொண்டாலும், இணையாக இருந்தாலும், அவை ஒரே சமதளத்தில் அடங்கும். அளவைக்காரர் கீழே கொண்டுசெல்வது அச்சமதளத்தையே. கம்பிகள் அத்தளத்துக்குள்ளேயே சிறிது நெருங்குவதால் திசை மாறுவதில்லை. ஆனால் காற்றோட்டம் ஒரு கம்பியைத் தளத்துக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் தீமை பெரிது. 4 மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு கிலோமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் ஆகும். இரண்டு ஷாப்டுகளிலிருந்து எதிரெதிரே குடைந்து வரும் பாதைகள் இவ்வளவு விலகிச் சந்திப்பின், தண்டவாளம் வளையும். நீர் தேங்கிய பழைய பாதையொன்றை அறியாமல் நெருங்கினாலோ உயிருக்கே ஆபத்து.

படத்தில் வெட்டுவதும் பாறையில் வெட்டுவதும்

சுரங்கத்தின் கிடைப்படத்தில் எல்லா மட்டங்களின் பாதைகளும் மேலிருந்து நோக்கியவாறு ஒரே தாளில் வரையப்படும். அதில் இரு பாதைகள் ஒன்றையொன்று வெட்டுவதாகத் தோன்றும் இடங்கள் பல. உண்மையில் ஒரு பாதை மற்றதற்கு முப்பது மீட்டர் கீழே செல்லக்கூடும். அவை ஒருபோதும் சந்திப்பதில்லை, இணையாகவும் இல்லை. இத்தகைய கோடுகள் ஒரு சமதளத்தில் அடங்காதவை. சமதளத்தில் இரண்டே நிலைகள்: வெட்டுதல், இணைதல். வெளியில், அதாவது முப்பரிமாணத்தில், இந்த மூன்றாம் நிலையும் உண்டு. அது மட்டுமன்று, மனம்போனபடி இரு கோடுகளை வெளியில் இட்டால் அவை பெரும்பாலும் இம்மூன்றாம் வகையாகவே அமையும்.

எனவே சமதளத்தில் இரு கோடுகள் சந்திப்பது வியப்பன்று, சந்திக்காமலிருப்பதே அரிது. வெளியில் சந்திப்பதுதான் அரிது. ஆகையால், படத்தில் காணும் சந்திப்பு உண்மைதானா என்று அறிய ஒரு தோற்றம் போதாது. இரண்டு தோற்றங்கள் வேண்டும். சோதனை பின்வருமாறு.

இரு நேரான குச்சிகளைத் தெற்கிலிருந்து நோக்கி வரைகிறோம். முதற்குச்சி தரை மட்டத்தில் 0 சென்டிமீட்டரிலும், 100 சென்டிமீட்டர் உயரத்தில் 50 சென்டிமீட்டர் கிழக்கிலும் உள்ளது. இரண்டாவது தரை மட்டத்தில் 90 சென்டிமீட்டர் கிழக்கிலும், 100 சென்டிமீட்டர் உயரத்தில் 40 சென்டிமீட்டர் கிழக்கிலும் உள்ளது. கோடுகளை வரைந்தால் அவை 90 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டும்.

இனி அதே குச்சிகளைக் கிழக்கிலிருந்து நோக்குவோம். முதற்குச்சி தரையில் 10 சென்டிமீட்டர் வடக்கில் தொடங்கி, 100 சென்டிமீட்டர் உயரத்தில் 30 சென்டிமீட்டர் வடக்கை அடைகிறது. இரண்டாவது தரையில் 100 சென்டிமீட்டர் வடக்கில் தொடங்கி, அதே உயரத்தில் 20 சென்டிமீட்டர் வடக்கை அடைகிறது. இப்படத்திலும் அவை 90 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டுகின்றன. இரு தோற்றங்களிலும் உயரம் ஒன்றே. ஆகவே குச்சிகள் உண்மையிலேயே சந்திக்கின்றன.

இரண்டாம் குச்சியை அப்படியே 30 சென்டிமீட்டர் தெற்கே நகர்த்துவோம். தெற்கிலிருந்து நோக்கும் தோற்றம் சிறிதும் மாறவில்லை. சந்திப்பு 90 சென்டிமீட்டரிலேயே தெரிகிறது. கிழக்குத் தோற்றத்திலோ வெட்டுமிடம் 60 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. உயரங்கள் மாறுபடுவதால் குச்சிகள் சந்திக்கவில்லை. முதல் தோற்றம் ஒன்றையே நம்பியவர் இல்லாத சந்திப்பை உண்டென்று கூறியிருப்பார்.

சாய்வே சான்று

மேற்கூறிய பாடம் சுரங்க அளவையோடு நிற்கவில்லை. அதே பாதாளத்தில் பௌதிக விஞ்ஞானிகளும் நேர்கோடுகளை ஆராய்ந்தனர். ஹோமி பாபா நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தினர், விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களின் விளைவான மியூஆன் துகள்கள் எவ்வளவு ஆழம் ஊடுருவுகின்றன என்று 1950களிலிருந்து கோலாரில் அளந்துவந்தனர். ஆழம் மிகுந்தோறும் மியூஆன்கள் அருகின. மேலேயுள்ள பாறையே வடிகட்டியாக அமைந்தபடியால், நியூட்ரினோ என்னும் அரிய துகளைத் தேடுவதற்கு இவ்விடம் ஏற்றது என்பது தெளிவாயிற்று.

1965ஆம் ஆண்டில் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் இந்நிலையத்தினருடன் சேர்ந்து, சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவினர். எம். ஜி. கே. மேனன், பி. வி. ஸ்ரீகண்டன், வி. எஸ். நரசிம்மம், பி. வி. ரமணமூர்த்தி, எஸ். மியாகே, ஏ. டபிள்யூ. உல்ஃபெண்டேல் ஆகியோர் இக்குழுவினருள் சிலர். துகள் பட்டால் ஒளி சிமிட்டும் பிளாஸ்டிக் பலகைகள் இரு சுவர்களாக எதிரெதிரே நின்றன. இடையே நியான் வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள் அடுக்கடுக்காக வைக்கப்பட்டன. துகள் கடந்து சென்ற குழாய்கள் மட்டும் ஒளிரும். அவற்றைப் புகைப்படத்தில் பிடித்து, ஒளிர்ந்த இடங்களின் வழியே கோடு வரைந்தால் அதுவே துகளின் தடம்.

தடம் நியூட்ரினோவினால் விளைந்ததா, மேலிருந்து எஞ்சி வந்த மியூஆனா என்று பிரித்தறிவது எப்படி? இங்கும் வடிவக்கணிதமே துணை. தரையை ஒரு கிடைக்கோடாகக் கொள்வோம். கருவிக்கு நேர்மேலிருந்து வரும் துகள் 2,300 மீட்டர் பாறையைக் கடக்கிறது. நிலைக்குத்துடன் 45 பாகை சாய்ந்து வருவது சுமார் 3,250 மீட்டரையும், 60 பாகை சாய்ந்து வருவது 4,600 மீட்டரையும் கடக்க வேண்டும். அத்தனை பாறையை ஊடுருவி வரும் மியூஆன் இல்லை என்றே கொள்ளலாம். நியூட்ரினோவுக்கோ பூமி முழுவதும் தடையன்று. அது எத்திசையிலிருந்தும் வந்து, கருவியை ஒட்டிய பாறையில் மோதித் துகள்களை எழுப்பக்கூடும். எனவே, கிடைக்கு நெருங்கிய சாய்வுடைய தடங்கள் நியூட்ரினோவின் சான்றுகளாயின. வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலாகக் கண்டறிந்தவை இரு குழுக்கள்: கோலார்க் குழு ஒன்று, தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் ஆராய்ந்த ரைனஸ் என்பாரின் குழு மற்றொன்று. இரண்டும் 1965ஆம் ஆண்டிலேயே தம் முடிவுகளை வெளியிட்டன.

ஒரு புள்ளியில் கூடிய தடங்கள்

பின்னர், 1975ஆம் ஆண்டில் கோலார்க் குழுவினர் வியப்பான செய்தி ஒன்றை வெளியிட்டனர். சில படங்களில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தடங்கள், தம்முள் பெரிய கோணம் அமைய, ஒரே இடத்திலிருந்து பிரிந்து சென்றன. தடங்களைப் பின்னோக்கி நீட்டினால் அவை கூடும் புள்ளி பாறைக்குள் விழவில்லை; பாறைக்கும் கருவிக்கும் இடையேயுள்ள காற்று வெளியிலோ கருவியின் மெல்லிய பகுதியிலோ விழுந்தது. 'கோலார் நிகழ்ச்சிகள்' என்று இவை பெயர்பெற்றன.

இதில் வியப்பு யாது? கோலார்ப் பாறை ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 3 கிராம் அடர்த்தியுள்ளது. காற்று அதைக் காட்டிலும் ஏறத்தாழ 2,500 மடங்கு இலேசானது. ஒரு மீட்டர் பாறையில் நியூட்ரினோ 2,500 முறை மோதினால், ஒரு மீட்டர் காற்றில் ஒரு முறையே மோதும். அவ்வாறிருக்கக் காற்றில் பல சந்திப்புகள் எவ்வாறு நேரும்? பாறையில் தோன்றிய புதிய கனத்த துகள் ஒன்று, வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்களவு காலம் வாழ்ந்து, காற்றுக்கு வந்தபின் சிதைந்திருக்கலாம் என்று அக்குழுவினர் கருத்துரைத்தனர்.

இத்தகைய வாதம் முழுவதும் ஒரு சந்திப்புப் புள்ளியின் இடத்தைப் பற்றி நிற்கிறது என்பதை நோக்குக. புள்ளி சிறிது தூரம் தள்ளிப் பாறைக்குள் இருந்திருக்குமாயின் அதிசயம் ஒன்றுமில்லை. ஆகவே நாம் முன்னர்க் கண்ட இரு விதிகளும் இங்கு உயிர்நிலையாகின்றன. முதலாவது, வெட்டும் கோணம் பெரிதாயிருந்தால் புள்ளியின் இடம் உறுதிப்படும். இரண்டாவது, தடங்கள் வெளியில் உண்மையாகச் சந்திக்கின்றனவா என்பதை இரு தோற்றங்களே தீர்மானிக்கும். ஒரே திசையில் அடுக்கிய குழாய்கள் ஒரு தோற்றத்தை மட்டுமே தரும்.

மூன்று தடங்கள் இருப்பின் மற்றொரு சோதனையும் உண்டு. ஒரு தளத்தில் மனம்போனவாறு வரைந்த மூன்று கோடுகள் மூன்று வெவ்வேறு புள்ளிகளில் வெட்டும். நான்கு கோடுகள் ஆறு புள்ளிகளில் வெட்டும். மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் கூடினால் அதற்குக் காரணம் ஒன்று இருத்தல் வேண்டும். பிளேன் டேபிள் அளவையில் ஒரு கோபுரத்தின் இடத்தை இரண்டு கோடுகளால் குறித்த பிறகும், மூன்றாவது நிலையிலிருந்து ஒரு கோடு வரைந்து சரிபார்ப்பது இதனாலேயே. முதலிரு கோடுகள் எப்படியும் எங்கேனும் வெட்டும்; பிழையைக் காட்டுவது மூன்றாவது கோடுதான்.

கோலார் நிகழ்ச்சிகள் கூறிய புதிய துகளைப் பிற நாட்டுத் துகள் முடுக்கி நிலையங்களில் தேடினர், அகப்படவில்லை. எண்ணிக்கை மிகச் சிலவாதலின், அவ்வினா முடிவு காணாமலே நிற்கிறது. 1980ஆம் ஆண்டில் அதே ஆழத்தில், புரோட்டான் சிதைகின்றதா என்று ஆராய 140 டன் எடையுள்ள பெரிய கருவி அமைக்கப்பட்டது. இரும்புத் தகடுகளுக்கு இடையே 34 அடுக்குகளாக வைக்கப்பட்ட எண்ணுங்குழாய்கள், ஓரடுக்கு மற்றோரடுக்குக்குச் செங்குத்தாக அமைந்தன. ஒவ்வொரு தடமும் இரு தோற்றங்களில் பதிவாயிற்று. சுரங்கப் பாதைகளுக்குக் கிடைப்படமும் வெட்டுமுகப்படமும் தேவைப்பட்ட அதே காரணத்தால் துகள் தடங்களுக்கும் இரு தோற்றங்கள் தேவைப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் கோலாரில் இவ்வாராய்ச்சிகள் முடிவுற்றன.

வகுப்பறையில் செய்யத்தக்கது

இச்சோதனைக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. ஒரு பலகையில் களிமண் பரப்பி, இரண்டு நீண்ட ஈர்க்குகளைச் சாய்வாக நடுக. சந்திக்கும்படி ஒரு முறையும், சிறிது விலகும்படி ஒரு முறையும் வைக்கலாம். மாணவர் ஒருவர் முன்னிருந்தும் மற்றொருவர் பக்கத்திலிருந்தும் ஈர்க்குகளை ஒரு கண்ணால் நோக்கி, அடியிலும் நுனியிலும் அவற்றின் நிலையை அளந்து, கட்டமிட்ட தாளில் இரு படங்களாக வரையட்டும். ஒருவர் மற்றவருடைய தாளைக் காணலாகாது. பின்னர் இருவரும் வெட்டுமிடத்தின் உயரத்தை மட்டும் உரக்கக் கூறட்டும். எண்கள் ஒத்தால் ஈர்க்குகள் சந்திக்கின்றன; ஒவ்வாவிடில் சந்திக்கவில்லை. ஈர்க்குகள் மிகக் குறுகிய கோணத்தில் வெட்டுமாறு வைத்து இதனையே மீண்டும் செய்தால், இருவர் கூறும் எண்களும் எவ்வளவு எளிதில் மாறுபடுகின்றன என்பதும் விளங்கும்.

களப்பணியாளர்களுக்கும் இதில் பயனுண்டு. கிணற்றின் ஊற்றுக்கண், கால்வாயின் குறுக்கே செல்லும் குழாய், பாலத்தின் அடியில் ஓடும் மின்கம்பி ஆகியவற்றை வரைபடத்தில் காணும்போது, கோடுகள் வெட்டும் இடத்தில் பொருள்களும் வெட்டுகின்றன என்று கொள்ளலாகாது. இரண்டாவது தோற்றம் யாது, அதில் உயரம் எவ்வளவு என்று கேட்ட பின்னரே மண்வெட்டியை எடுத்தல் வேண்டும். சமதளத்துக்குரிய விதியைச் சமதளத்தில் மட்டும் நம்புவதும், அதற்கு வெளியே சென்றால் மற்றொரு சான்று கேட்பதும் இதற்கு உற்ற வழியாகும்.